சாக்கோ பள்ளத்தாக்குக்கு ஒரே நாளில் போய்வரலாமா?

கேள்வி: 2024 அக்டோபர் 14, காலை 9.10

நவம்பர் இறுதியில் நான்கு நாள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆல்புகர்க்கி வருகிறோம். நியூ மெக்சிகோவின் வடமேற்கில் உள்ள சாக்கோ பள்ளத்தாக்கை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? மூன்று மணி நேரம் பயணம் செய்து, அதிலும் கடைசியில் மோசமான மண் சாலையில் குலுங்கிப் போய், இடிந்த சுவர்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அண்மையில் போய்வந்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

அக்டோபர் 14, இரவு 10.40

நேற்று முன்தினம், சனிக்கிழமை, நண்பர்கள் நால்வர் போய்வந்தோம். ஒரு நாள் போதும். விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆல்புகர்க்கியிலிருந்து 550ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்காகப் போகும்போது கியூபா என்ற சிற்றூர் வரும். அங்கேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், சாப்பாட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் குடிநீர் உண்டு, வேறு கடை எதுவும் கிடையாது. நகீசி அருகே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் 21 மைல் உள்ளே போக வேண்டும். அதில் கடைசி 13 மைல் மண் சாலை. களிமண் தரை என்பதால் மழை பெய்தால் அந்த வழியை மறந்துவிட வேண்டியதுதான், ஓடையில் நீர் வந்தால் வண்டி அக்கரைக்குப் போகாது. கைப்பேசிக்கும் அங்கே சிக்னல் இல்லை.

உள்ளே 9 மைல் நீளமுள்ள ஒருவழித் தார்ச்சாலை பள்ளத்தாக்கைச் சுற்றி வருகிறது. பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் அதன் ஓரத்திலேயே இருப்பதால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கலாம். நாங்கள் ஹுங்கோ பாவி, செட்ரோ கெட்டில், புவெப்லோ பொனிட்டோ, காசா ரிங்கோனாடா ஆகிய நான்கையும் பார்த்தோம். அனசாசி என்ற, மறைந்துபோன மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பியவை இவை. மாலையில் சுற்றுச்சாலையின் வாயிலை மூடிவிடுவார்கள். நவம்பர் இறுதியில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 14, இரவு 11.25

மேலே எழுதியதில் இரண்டு சொற்களைத் திருத்த வேண்டும். "அனசாசி" என்பது நவஹோ மொழிச் சொல். அயலாரின் முன்னோர், பகைவரின் முன்னோர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அந்த முன்னோரின் வழிவந்த மக்களுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. இப்போது "முன்னைப் புவெப்லோ மக்கள்" என்று குறிப்பிடுவதே வழக்கம்.

இன்னொரு பிழை "மறைந்துபோன" என்பது. இதை எழுதியதற்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சனிக்கிழமை காலையில் பூங்கா ஊழியர் எங்களிடம் முதலில் சொன்னதே அதைப் பற்றித்தான். ஹோப்பி, சூனி, ஆக்கோமா, லகூனா மக்களும் ரியோ கிராண்டே ஆற்றங்கரைப் புவெப்லோ ஊர்களில் வாழ்பவர்களும் இந்தக் கட்டடங்களை எழுப்பியவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் இன்றும் இங்கே வழிபட வருகிறார்கள். நாங்கள் காலையில் கடந்துபோன நிலத்திலேயே அவர்களில் சிலருடைய ஊர்கள் இருக்கின்றன. சாலைப் பலகையில் அந்த ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே போன எனக்கு, அந்த மக்களை "மறைந்துபோனவர்கள்" என்று எழுதும்போது கை தயங்கவே இல்லை.

அக்டோபர் 15, இரவு 9.30

"இடிந்த சுவர்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்" என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆமாம், சுவர்கள்தான். ஆனால் புவெப்லோ பொனிட்டோவின் சுவர் ஒன்றன் முன் கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். எங்களில் ஒருவர் கட்டடப் பொறியாளர். காலை முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. தென்கிழக்கு மூலையில் ஒரு சுவரருகே குனிந்து நின்றவர் எங்களையும் கைகாட்டி அழைத்தார்.

தட்டையான மணற்கற்களை உள்ளங்கை அளவுக்கும் அதைவிடச் சிறிதாகவும் உடைத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு பெரிய வரிசைகளுக்கு நடுவே விரல் பருமனுள்ள சில்லுகளை நான்கைந்து அடுக்காகச் செருகியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் களிமண் சாந்து கோடு கிழித்தாற்போல் மெல்லியதாகத் தெரிகிறது. இந்த அழகெல்லாம் சுவரின் இரு முகங்களில் மட்டுமே. சுவர் சிதைந்திருந்த ஓரிடத்தில் உள்ளே பார்த்தோம். நடுவில் கரடுமுரடான கற்களையும் மண்ணையும் போட்டு நிரப்பியிருந்தார்கள். அடித்தளத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமனுள்ள சுவர் மாடிக்கு மாடி மெலிந்துகொண்டே போகிறது. நான்கு மாடிகள் நின்றது அதனால்தான் என்றார் நண்பர். 600க்கும் மேற்பட்ட அறைகள், ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பு. கி.பி. 850 வாக்கில் தொடங்கி முந்நூறு ஆண்டுகள் விட்டு விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் இரும்புக் கருவியோ சக்கரமோ சுமை இழுக்கும் விலங்கோ இருந்ததில்லை.

நண்பரை நெடுநேரம் அங்கேயே நிறுத்திவைத்தது இன்னொரு செய்தி. இவ்வளவு நுணுக்கமாக அடுக்கிய சுவரின் மேல் மண்பூச்சு பூசி, கல் வரிசைகளை முழுவதும் மறைத்துவிட்டார்களாம். பூச்சு உதிர்ந்ததால்தான் இன்று நம் கண்ணுக்கு அவை தெரிகின்றன. "யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே இப்படி அடுக்கியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.

அக்டோபர் 15, இரவு 11.50

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். அந்தப் பள்ளத்தாக்கில் உத்தரத்துக்கு ஏற்ற மரமே கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை உவர்ப்புதர்களும் மணலும்தான். ஆனால் சாக்கோவின் பெரிய கட்டடங்களுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகள் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் தெற்கே சூனி மலைகளிலிருந்தும், பிற்பாடு மேற்கே சுஸ்கா மலைகளிலிருந்தும் பெருமளவு வந்திருக்கிறது. இரண்டுமே 75 கி.மீ. அல்லது அதற்கும் மேற்பட்ட தொலைவு. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டு மரத்தைச் சுமக்க முடியுமா என்று தாமே செய்து பார்த்தார்கள். பயிற்சிக்குப் பிறகு 60 கிலோ மரம் ஒன்றை ஏறத்தாழ 24 கி.மீ. தூரத்துக்கு ஒரே நாளில் சுமந்திருக்கிறார்கள். 2023இல் வெளிவந்த ஆய்வு அது.

சில அறைகளில் அண்ணாந்து பார்த்தால் அந்தக் கால உத்தரங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆண்டு வளையங்களை எண்ணுவதற்காகத் துளையிட்டு மாதிரி எடுத்த வட்டத் தடமும் தெரிகிறது. ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர் இங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சேகரித்த பழைய மரங்களின் வளைய வரிசை, நிகழ்கால மரங்களின் வரிசையோடு சேராமல் பல ஆண்டுகள் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய உத்தரம் ஒன்று அந்த இடைவெளியை நிரப்பியது. நூற்றாண்டைக்கூட ஊகித்துச் சொன்ன நிலை மாறி, எந்த ஆண்டில் மரத்தை வெட்டினார்கள் என்றே சொல்ல முடிந்தது.

அக்டோபர் 16, காலை 7.15

சுருக்கமாக ஒன்று. புவெப்லோ பொனிட்டோவின் பின்புறத்தில் பெரும் பாறைக்குவியல் கிடக்கிறது. செங்குத்துப் பாறைச்சுவரிலிருந்து பிரிந்து, சுமார் 30,000 டன் எடையோடு தனியே நின்றிருந்த பாறை அது. அது விழக்கூடும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து, அதன் அடியில் கல்லால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் அந்த மக்கள். பாறை அவர்கள் காலமெல்லாம் நின்றது. 1941 ஜனவரி 22 அன்று சரிந்து ஏறத்தாழ 30 அறைகளை நொறுக்கியது. இடிந்த சுவர் எல்லாம் பழங்காலத்தில் இடிந்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்டோபர் 16, இரவு 11.05

திங்கட்கிழமை எழுதியபோது ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இந்த இழையைப் படித்துவிட்டுப் பலர் போகக்கூடும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

மதியம் நடைபாதையில் வரும்போது என் காலருகே பானை ஓடு ஒன்று கிடந்தது. இரண்டு விரல் அகலம், சாம்பல் நிறம், வெளிப்புறம் முழுவதும் மடிப்பு மடிப்பாக இருந்தது. மண்ணைத் திரித்துக் கயிறாக்கிச் சுற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் விரலால் அழுத்தி ஒட்டி வனைந்த பானை. அந்த அழுத்தங்களை வழித்து மெழுகாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எடுத்தேன். ஒரு பள்ளத்தில் என் ஆள்காட்டி விரலின் நுனியை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தவில்லை. அதை வனைந்தவரின் விரல் என்னுடையதைவிடச் சிறியது. பள்ளத்தின் ஓரத்தில் நகம் பட்ட பிறைத் தடம் இருந்தது.

பேச்சு வேறு பக்கம் போக, ஓட்டைக் கையில் உருட்டிக்கொண்டே நடந்துவிட்டேன். நாற்பது ஐம்பது அடி வைத்த பிறகுதான் எங்களோடு வந்த தோழி என் கையைப் பார்த்தார். "அதை எங்கே எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். திரும்பிப் போனேன். அந்தப் பாதையில் எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது. இந்தப் புதருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. இங்கேதான் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்த இடத்தில் வைத்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அக்டோபர் 17, இரவு 8.45

நேற்று எழுதியதைப் படித்தவர் ஒருவர், "ஆயிரக்கணக்கில் கிடக்கும் ஓடுகளில் ஒன்று ஐந்தடி தள்ளிக் கிடப்பதால் என்ன நட்டம்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மனமும் சனிக்கிழமை அதைத்தான் சொன்னது.

சாக்கோ மக்கள் கொக்கோ பருகினார்கள் என்று இன்று நமக்குத் தெரியும். கொக்கோ விளையும் நிலம் ஏறத்தாழ 2,000 கி.மீ. தெற்கே, மெக்சிகோவின் வெப்பமண்டலப் பகுதியில் இருக்கிறது. புவெப்லோ பொனிட்டோவின் ஒரே அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட நீளுருளைக் குடுவைகள் கிடைத்திருந்தும், அவை எதற்குப் பயன்பட்டன என்பது நூறாண்டுகளுக்கு மேல் புரியாமலிருந்தது. 2009இல் பட்ரீசியா கிரவுனும் ஜெஃப்ரி ஹர்ஸ்ட்டும் வெளியிட்ட ஆய்வுதான் விடை தந்தது. அவர்கள் சோதித்தவை அந்தக் கட்டடத்தின் குப்பைமேட்டில் கிடைத்த உடைந்த ஓடுகள். அவற்றில் கொக்கோவின் எச்சம் ஒட்டியிருந்தது. அந்த ஓடுகள் எந்த மேட்டிலிருந்து வந்தவை என்று தெரிந்திருந்ததால்தான் அவற்றுக்குப் பொருள் கிடைத்தது.

நான் விரல் வைத்துப் பார்த்ததைப் போன்ற மடிப்புப் பானைகளுக்கும் ஒரு கதை உண்டு. சாக்கோவோடு தொடர்புடைய, தெற்கே இருந்த ஓர் ஊரின் 985 ஓடுகளில் பதிந்திருந்த விரல்ரேகைகளின் அகலத்தை 2019இல் அளந்து பார்த்தார்கள். பானை வனைந்தவர்கள் பெண்கள் மட்டுமே என்ற நெடுநாள் எண்ணத்துக்கு மாறாக, ஏறத்தாழ பாதி ரேகைகள் ஆண்களுடையவை என்று கண்டார்கள். அதனால் "சிறிய விரல்" என்று நான் சொன்னதை வைத்து வனைந்தவர் பெண் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இவை ஆய்வுக்கான காரணங்கள். பூங்கா ஊழியர் சொன்ன காரணம் வேறு. அந்த ஓடுகள் முன்னோர் தமக்காக விட்டுச்சென்றவை என்றும், முன்னோர் அங்கேயே இருக்கிறார்கள் என்றும் புவெப்லோ மக்கள் கருதுகிறார்கள் என்றார். எனக்கு இந்தக் காரணம்தான் கனமாக இருக்கிறது. வீட்டில் ஆள் இருக்கும்போது அவர்கள் முற்றத்துப் பொருளைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டு போவோமா?

அக்டோபர் 18, காலை 6.50

நட்டம் என்ன என்ற கேள்விக்கு இன்னொரு விடை அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. 1896 முதல் சில ஆண்டுகள் ரிச்சர்ட் வெதரில் முன்னின்று புவெப்லோ பொனிட்டோவின் ஏராளமான அறைகளைத் தோண்டியபோது, கிடைத்தவை நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. இப்படிப்பட்ட தோண்டல்கள் எழுப்பிய எதிர்ப்பும் சேர்ந்துதான் 1906இல் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே சாக்கோ தேசிய நினைவிடம் ஆனது. வெதரில் 1910இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கல்லறை புவெப்லோ பொனிட்டோவிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில்தான் இருக்கிறது. நாங்கள் அங்கே போகவில்லை.

அக்டோபர் 20, இரவு 10.20

ஃபஹாதா குன்றைப் பற்றிக் கேட்டவருக்கு: மேலே ஏற அனுமதி இல்லை, கீழே சாலையிலிருந்து பார்க்கலாம். பூங்காவுக்குள் நுழைந்ததும் சமவெளி நடுவே தனியே எழுந்து நிற்கும் குன்று அதுதான். அதன் உச்சிக்கு அருகில், பாறையில் செதுக்கிய சுருள் கோலம் ஒன்றின் மேல், சாய்ந்து நின்ற மூன்று கற்பலகைகளின் இடைவெளி வழியாக வெயில் விழும். சூரியன் வடகோடிக்கு வரும் ஜூன் நாளில், நண்பகலை ஒட்டி, கத்தி போன்ற ஒளிக்கீற்று ஒன்று அந்தச் சுருளின் நடுவே இறங்கும். 1977இல் ஆன்னா சோஃபேர் என்ற ஓவியர் இதைக் கவனித்துச் சொன்னார். செய்தி பரவியது, பார்க்க ஆட்கள் ஏறினார்கள், கால்பட்டு அடிமண் கரைந்தது. 1989இல் கற்பலகைகள் நகர்ந்துவிட்டது தெரியவந்தது. ஒளிக்கீற்று இப்போது பழைய இடத்தில் விழுவதில்லை.

ஏறியவர்கள் எல்லாரும் அன்போடுதான் ஏறியிருப்பார்கள். ஓட்டை எடுத்தபோது எனக்கும் அன்புதான் இருந்தது.

அக்டோபர் 21, மாலை 6.30

நாங்கள் பார்த்த நான்கில் காசா ரிங்கோனாடாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கிவா என்பது புவெப்லோ மக்கள் சடங்குக்காகக் கூடும் வட்டக்கூடம். இது ஏறத்தாழ 19 மீட்டர் விட்டமுள்ள பெருங்கிவா. உள்ளே இறங்கக் கூடாது, விளிம்பில் நின்று பார்க்க வேண்டும். சுற்றுச்சுவர் நெடுகிலும் மாடப்பிறைகள் போன்ற குழிகள், நடுவே கூரையைத் தாங்கிய நான்கு பெருந்தூண்களின் குழிகள். வடக்கு வாயிலும் தெற்கு வாயிலும் ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன.

ஜூன் மாதம் சூரியோதயத்தில் சன்னல் வழியே வரும் வெளிச்சம் ஒரு மாடத்தில் போய் விழும் என்று நான் எங்கள் குழுவிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் விழுவது உண்மை. ஆனால் அந்தச் சுவரின் மேற்பகுதி 1930களில் சீரமைத்துக் கட்டியது, மேலும் கூரைத்தூண் நின்றிருந்தால் அதுவே ஒளியை மறைத்திருக்கலாம். ஆகவே இது அவர்கள் திட்டமிட்டதா என்பதில் ஐயம் உண்டு. கட்டடங்கள் திசையறிந்து கட்டியவை என்பதில் ஐயமில்லை. புவெப்லோ பொனிட்டோவின் நீண்ட நடுச்சுவர் நேராக வடக்கு நோக்கி நிற்கிறது.

இன்னொரு திருத்தமும் வேண்டும். அவ்வளவு அறைகளில் ஆயிரம் பேர் வாழ்ந்திருப்பார்கள் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அடுப்புகள் உள்ள அறைகள் குறைவு என்பதால், நிலையாக வாழ்ந்தவர்கள் நூறு பேர் அளவில்தான் இருப்பார்கள் என்று கருதுவோர் இருக்கிறார்கள். அப்படியானால் மற்ற அறைகள் விழாக்காலங்களில் சுற்றுப்புறத்திலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் கொண்டுவந்தவற்றுக்கும் உரியவை. 9 மீட்டர் அகலத்தில் வளையாமல் பாலைவனத்தில் நீளும் பழஞ்சாலைகளை நினைத்தால் இந்தக் கருத்துப் பொருத்தமாகவே தோன்றுகிறது. 1130 வாக்கில் தொடங்கி அரை நூற்றாண்டு நீடித்த வறட்சியில் கட்டட வேலை நின்று, மக்கள் நீர் உள்ள இடங்களுக்குப் பெயர்ந்தார்கள். அதைப் பெயர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும், அழிவு என்று சொல்லக் கூடாது.

அக்டோபர் 23, இரவு 9.55

கேள்வி கேட்டவருக்குத் திருத்திய விடை: ஒரு நாள் போதாது. "போதும்" என்று எழுதியது நான்கு கட்டடங்களைப் பார்த்துவிட்ட நிறைவில். புவெப்லோ ஆல்ட்டோ மேட்டின் மேலிருந்து புவெப்லோ பொனிட்டோவின் அரைவட்ட வடிவத்தை முழுதாகப் பார்க்கும் நடைபாதையை விட்டுவிட்டோம். இரவையும் விட்டுவிட்டோம். 2013 முதல் இருள்வானப் பூங்காவாக ஏற்பு பெற்ற இடம் அது. பூங்காவுக்குள் கூடார முகாம் உண்டு, முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நவம்பர் இறுதியில் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும், குழந்தைகள் இருந்தால் யோசித்து முடிவு செய்யுங்கள்.

வாடகை வண்டியில் போவதானால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். நாங்கள் திரும்பும் வழியில் மண் சாலைக் கல் ஒன்றில் சக்கரம் கிழிந்தது. தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற வரி எங்கள் ஒப்பந்தத்தில் இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தோம். மாற்றுச்சக்கரம் இருக்கிறதா என்று ஊரிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

கொலராடோவில் உள்ள மேசா வெர்டேயா, சாக்கோவா என்று கேட்டவருக்கு: பாறைக்குடைவின் கீழ் உள்ள மேசா வெர்டே வீடுகள் பெரும்பாலும் 1190க்குப் பிறகு கட்டியவை, அதாவது சாக்கோ ஓய்ந்தபின் வந்தவை. முடிந்தால் சாக்கோவை முதலில் பாருங்கள்.

அக்டோபர் 26, காலை 8.05

பானை ஓட்டின் படத்தை 16ஆம் தேதிக் குறிப்போடு இணைத்திருந்தேன். "இது எந்தப் பாதையில் கிடக்கிறது, நவம்பரில் போகும்போது நாங்களும் பார்க்கிறோம்" என்று இருவர் கேட்டார்கள். ஆசை புரிகிறது, ஆனால் சொல்லப் போவதில்லை. படத்தின் பின்புறத்தில் தெரியும் சுவரின் வரிசையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பொறியாளர் நண்பர் நேற்றிரவு சுட்டிக்காட்டினார். ஆகவே படத்தை நீக்கிவிட்டேன். சேமித்து வைத்திருப்பவர்கள் வேறெங்கும் பகிராமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.